ஹே-ஆன்-வை விழாவுக்கு மூன்று நாள் பயணம்: எழுபத்தொரு வயதுத் தமிழாசிரியரை அழைத்துச் செல்லலாமா?

கேட்பவர்: அரசலாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம்.

நான் ரெடிங் நகரில் ஒன்பது ஆண்டுகளாகக் குடும்பத்துடன் வசிக்கிறேன். மே மாதக் கடைசித் திங்கட்கிழமை வங்கி விடுமுறை என்பதால், சனிக்கிழமையிலிருந்து மூன்று நாட்கள் சேர்ந்தாற்போல் கிடைக்கின்றன. இங்கிலாந்தும் வேல்ஸும் சந்திக்கும் எல்லையில், வை ஆற்றின் கரையில் இருக்கும் ஹே-ஆன்-வை என்ற சிற்றூரில் அந்த நாட்களில் நடக்கும் இலக்கிய விழாவைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் கேள்விப்பட்டிருந்தும் ஒருமுறைகூடப் போனதில்லை. இந்த முறை போய்விடலாம் என்று நினைப்பதற்குக் காரணம் என் மாமனார்.

கும்பகோணத்தை அடுத்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மார்ச் மாதம் வந்தார், ஆகஸ்டில் திரும்புகிறார். கொண்டுவந்த ஆறு புத்தகங்களையும் முதல் மாதத்திலேயே படித்து முடித்துவிட்டார். இப்போது கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போகும் விளம்பரத் தாள்களைக்கூட மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரி வரை படிப்பதைப் பார்க்கும்போது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. புத்தகத்தாலேயே பிழைக்கும் ஓர் ஊர் இருக்கிறது என்று சொன்னதும் அவர் முகத்தில் ஏற்பட்ட மலர்ச்சியைப் பார்த்த பிறகு பின்வாங்க மனம் வரவில்லை.

ஆனால் சில தயக்கங்கள் இருக்கின்றன. ஒரே ஊரில், அதே வார இறுதியில், ஹே விழாவுடன் ‘ஹவ் தி லைட் கெட்ஸ் இன்’ என்ற தத்துவ, இசை விழாவும் நடப்பதாகத் தெரிகிறது. இரண்டுக்கும் போவதா, ஒன்றோடு நிறுத்திக்கொள்வதா என்பது விளங்கவில்லை. மாமா ஆங்கிலத்தை நன்றாகப் படிப்பார், ஆனால் இங்குள்ளவர்கள் வேகமாகப் பேசினால் பாதிக்கு மேல் அவருக்குப் பிடிபடாது. ஒரு மணி நேரம் கூடாரத்தில் உட்கார்ந்து ஒன்றும் புரியாமல், அதை எங்களிடம் சொல்லவும் கூச்சப்பட்டுக்கொண்டு அவர் இருந்துவிடுவாரோ என்பதே என் பெரிய கவலை. எங்களிடம் கார் இல்லை. பதினொரு வயது மகள் வருகிறாள். இவ்வளவு செலவழித்துச் சேற்றில் நிற்பதற்குப் பதிலாக ஸ்காட்லாந்துக்குப் போகலாம் என்பது மனைவியின் கட்சி. நேரில் போய்வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: மலைச்சாரல்

வணக்கம் நண்பரே. நான் ஹியர்ஃபோர்டில் பணியாற்றுவதால் அந்த ஊர் எனக்குப் பக்கத்து வீடு மாதிரி. ஆறு முறை விழாவுக்குப் போயிருக்கிறேன். விழா இல்லாத நாட்களில் போனதற்குக் கணக்கில்லை. எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு விழாக்களுக்கும் உள்ள வேறுபாடு. ஹே விழா 1988இல் தொடங்கியது. மே மாத இறுதியில் ஏறத்தாழப் பதினொரு நாட்கள் நடக்கும் அந்த விழாவின் திடலுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது, எந்த அமர்வுக்குப் போகிறீர்களோ அதற்கு மட்டும் தனித்தனியாக டிக்கெட் வாங்க வேண்டும். ஓர் அமர்வு ஒரு மணி நேரம். ஓர் எழுத்தாளரோ விஞ்ஞானியோ வரலாற்றாசிரியரோ வருவார், ஒருவர் கேள்வி கேட்பார், கடைசியில் பார்வையாளர்கள் கேட்பார்கள், முடிந்ததும் அவர் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வரிசை நிற்கும். மற்ற விழாவை நடத்துவது ‘இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆர்ட் அண்ட் ஐடியாஸ்’ என்ற அமைப்பு. அங்கே ஒரு நாளுக்கோ விழா முழுவதற்குமோ பாஸ் வாங்கிவிட்டால் விவாதம், சொற்பொழிவு, இசை, நகைச்சுவை என எல்லாவற்றுக்கும் போய்வரலாம். பிரக்ஞை என்பது என்ன, காலம் உண்மையில் ஓடுகிறதா என்பன போன்ற கேள்விகளை வைத்துக்கொண்டு மூன்று பேர் மோதிக்கொள்வார்கள். நம் பட்டிமன்றத்தை நினைத்துக்கொண்டு போனால், முடிவில் நடுவர் எழுந்து தீர்ப்புச் சொல்லாமலே கூட்டம் கலைந்துவிடுவது முதல் முறை சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும். போகப் போக அது பிடித்துவிடும்.

மூன்று நாட்களில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடும். பழமொழிக்காகச் சொல்லவில்லை. தத்துவ விழா ஆற்றங்கரையில் நடக்கிறது, ஹே விழா ஊருக்கு வெளியே பிரெக்கன் சாலையோரத்துப் புல்வெளியில் நடக்கிறது, மழை பெய்தால் அந்தப் பக்கத்தில் சேற்றுக்குப் பஞ்சமில்லை. மகளும் மாமனாரும் வருவதால் உங்களுக்கு ஹே விழாவே பொருந்தும். அங்கே சிறுவர்களுக்கென்று தனி நிகழ்ச்சிகள் உண்டு. மேலும் தத்துவ விவாதத்தில் ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டிப் பேசும்போது, இங்கேயே படித்தவர்களுக்குக்கூடச் சில சமயம் தொடர்ச்சி அறுந்துவிடும்.

நாளொன்றுக்கு இரண்டு அமர்வுகளுக்கு மேல் டிக்கெட் வாங்காதீர்கள். முதல் ஆண்டு நான் ஒரே நாளில் ஐந்து அமர்வுகளுக்கு வாங்கினேன். நான்காவதில் தூங்கிவிட்டேன். ஐந்தாவதில் யார் பேசினார் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது. ஆனால் அன்று தேநீர் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு செம்மறியாட்டுப் பண்ணைக்காரர், தம் தாத்தா காலத்தில் ரயில் நின்றுபோனபோது ஊர் எப்படி இருந்தது என்று சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

அந்த ரயில் கதையைத் தெரிந்துகொண்டு போனால் ஊர் நன்றாகப் புரியும். ஹியர்ஃபோர்டிலிருந்து ஹே வழியாகப் பிரெக்கனுக்கு ஓடிய பயணிகள் ரயில் 1962இன் இறுதியில் நிறுத்தப்பட்டது. மக்கள் தொகை இரண்டாயிரத்தைத் தொடாத சந்தை ஊர் அது. விவசாய வேலைகள் குறைந்து, இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருந்த நேரம். அதே ஆண்டுகளில்தான் ரிச்சர்டு பூத் என்ற இளைஞர் பழைய தீயணைப்பு நிலையத்தில் பழைய புத்தகக் கடை ஒன்றைத் திறந்தார். மூடப்படும் நூலகங்களையும் பெரிய வீடுகளின் நூல் சேகரங்களையும் மொத்தமாக வாங்கி வந்து குவித்தார். அவரைப் பார்த்துப் பிறரும் கடை திறக்க, ஊரே புத்தகச் சந்தையாகிவிட்டது. 1977 ஏப்ரல் முதல் நாளன்று ஹேயைத் தனி நாடாக அறிவித்துத் தாமே மன்னராக முடிசூட்டிக்கொண்டு, தம் குதிரையைப் பிரதமராக நியமித்த மனிதர் அவர். தேதியைக் கவனித்திருப்பீர்கள். முட்டாள்கள் தின வேடிக்கைதான். ஆனால் அந்த வேடிக்கை உலகச் செய்தித்தாள்களில் வந்து, ஊரின் பெயரை வரைபடத்தில் ஏற்றிவிட்டது. பூத் 2019இல் காலமானார். விழா அவர் தொடங்கியதல்ல, ஃபுளோரன்ஸ் குடும்பத்தினர் தொடங்கியது. ஆனால் அவர் கடைகள் இல்லாமல் அந்த விழா அந்த ஊருக்கு வந்திருக்காது.

ஆகவே ஒரு முழு நாளை ஊருக்குள்ளேயே கழியுங்கள். இருபதுக்கு மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. கவிதைக்கென்றே ஒரு கடை, துப்பறியும் கதைகளுக்கென்றே ஒரு கடை, பழைய திரையரங்கு ஒன்றைப் புத்தகக் கடையாக மாற்றியது என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். கோட்டை வளாகத்தில் திறந்தவெளியில் அலமாரிகள் நிற்கும், கடைக்காரர் இருக்க மாட்டார். பிடித்த நூலை எடுத்துக்கொண்டு பெட்டியில் காசைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். மாமனாருக்கு அங்கே ஒரு மடக்கு நாற்காலி கிடைத்துவிட்டால் மாலை வரை உங்களைத் தேட மாட்டார்.

ரயில் ஹியர்ஃபோர்டு வரைதான். ரெடிங்கிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு, வூஸ்டர் வழியாக நேரடி ரயில்கள் உண்டு. வங்கி விடுமுறை நாட்களில் தண்டவாளப் பணி நடக்கும் என்பதால் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஹியர்ஃபோர்டிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். விழா நாட்களில் நிலையத்திலிருந்தே தனிப் பேருந்து விடுகிறார்கள். ஊருக்குள் தங்கும் அறைகளை இந்த ஆண்டு வந்தவர்களே அடுத்த ஆண்டுக்கும் சொல்லி வைத்துவிடுவார்கள், எனவே ஹியர்ஃபோர்டில் அறை எடுப்பதே நல்லது. மே மாதம் என்று நம்பி ஏமாறாதீர்கள். ஒன்பது மணிக்கு மேல்தான் இருட்டும் என்றாலும், வெயில் இறங்கிய மறு நிமிடமே மலைக் காற்று எலும்பைத் தொடும். பெரியவருக்குக் கம்பளிக் குல்லாயும், எல்லோருக்கும் தண்ணீர் புகாத காலணியும் அவசியம்.

மறுமொழி: நாற்சந்தி

மலைச்சாரல் அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், அடிப்படையில் மட்டும் மாறுபடுகிறேன். உங்கள் மாமனாருக்கு வேண்டியது புத்தகங்களும் அமைதியும். விழா வார இறுதியில் ஊருக்குள் அமைதி அறவே இருக்காது, கடைகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஜூன் மாதத்தில் ஏதாவது ஒரு வியாழக்கிழமை அழைத்துச் செல்லுங்கள். அதே கடைகள், அதே கோட்டை, கால்வாசிச் செலவு.

விழாவைப் பற்றியும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. 2001இல் அங்கு வந்த பில் கிளிண்டன், 1969இல் அமெரிக்காவில் நடந்த பெரும் இசை விழாவை நினைவூட்டி, அதை ‘மனத்தின் வுட்ஸ்டாக்’ என்று வருணித்ததை இன்றளவும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். என் கண்ணுக்குப் பட்ட வரையில், தொலைக்காட்சியில் தினமும் பார்க்கும் முகங்கள் பேசும் பெரிய கூடாரங்கள் நிரம்பி வழிகின்றன, ஒரு மொழிபெயர்ப்பாளரோ கவிஞரோ பேசும் சிறிய கூடாரத்தில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. 2024இல் பெய்லி கிஃபோர்டு என்ற முதலீட்டு நிறுவனத்தின் ஆதரவை எதிர்த்துப் பாடகர் சார்லட் சர்ச்சும் நகைச்சுவையாளர் நிஷ் குமாரும் விலகிக்கொண்டதையடுத்து, விழாக் குழு அந்த ஆதரவை நிறுத்தி வைத்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பணம் இல்லாமல் இத்தகைய விழாக்கள் எப்படி நடக்கும் என்பதற்கு யாரிடமும் தெளிவான பதில் இல்லை.

விழாவின் சூழலும் வேண்டும், நெரிசலும் கூடாது என்றால் நவம்பரில் குளிர்கால வார இறுதி என்று சிறிய அளவில் நடத்துகிறார்கள். நான் அதற்குத்தான் போகிறேன்.

இன்னொன்று. ஹேயைப் பார்த்துத்தான் மகாராஷ்டிரத்தில் பஞ்ச்கனிக்குப் பக்கத்தில் உள்ள பிலார் என்ற ஸ்ட்ராபெரி விளையும் கிராமத்தை 2017இல் புத்தக ஊராக்கினார்கள். அங்கே வீடுகளிலும் கோயில்களிலும் மராத்தி நூல்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள், விற்பனை நோக்கம் இல்லை, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கலாம். ஊர் திரும்பிய பிறகு உங்கள் மாமனார் சென்று பார்க்கக்கூடிய இடம் அது. நம் பக்கத்தில் அப்படி ஒன்றை ஏன் செய்யக்கூடாது என்று அவர் கேட்டால் என்னிடம் அனுப்பிவையுங்கள், நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறுமொழி: நல்லூராள்

வணக்கம். நான் ஹரோவில் வசிக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னர் என் அம்மாவை ஹே விழாவுக்குக் கூட்டிச் சென்றேன். அப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயது. ஆங்கிலம் உங்கள் மாமனாரின் நிலைமைதான், வாசிப்பார், வேகமான பேச்சு விளங்காது. அதனால் என் அனுபவம் உங்களுக்கு உதவலாம்.

நாங்கள் செய்த நல்ல காரியம், போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே காதைப் பழக்கியது. ஹே விழா தன் பழைய அமர்வுகளின் பதிவுகளை இணையத்தில் சந்தாவுக்குத் தருகிறது. தத்துவ விழாவை நடத்துபவர்களும் தங்கள் விவாதங்களைக் காணொளியாக இட்டிருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடங்கள் போட்டுவிட்டு, நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொள்வோம். அடுத்ததாக, பேசப்போகிறவரின் நூலை முன்கூட்டியே வாங்கி வாசிக்கக் கொடுத்துவிட்டோம். விஷயம் தெரிந்திருந்தால் பேச்சு பாதி விளங்கினாலும் போதும், மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். ஆங்கிலக் கவிதை வாசிப்பு ஒன்றுக்கும் போனோம். கவிஞர்கள் நிறுத்தி நிதானமாக வாசிப்பதால் மற்ற எல்லாவற்றையும் விட அம்மாவுக்கு அதுவே பிடித்தது. யாப்பு தெரிந்த ஒரு தமிழாசிரியருக்கு இன்னும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். முன்வரிசையில் இருத்துங்கள், வாயசைவைப் பார்த்தால் சொல் பிடிபடும்.

செய்த பிழை, அம்மாவை ஒவ்வோர் அமர்வுக்குப் பின்னரும் “விளங்கினதா அம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் அவர், “நீ என்னைப் பரீட்சைக்கோ கூட்டிக்கொண்டு வந்தனீ?” என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

கோட்டைக்குக் கீழே உள்ள அந்த ஆளில்லாத அலமாரிகளைப் பற்றி மலைச்சாரல் எழுதியிருந்தார். நாங்கள் அங்கே நின்றபோது தூறல் தொடங்கியது. எல்லோரும் ஒதுங்க ஓடினார்கள். அம்மா மட்டும் நகராமல், ஓரத்தில் நனையத் தொடங்கிய புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, உட்பக்கமாகத் தள்ளி அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் இளமையில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வாசகி. 1981இல் மே மாதத்துக் கடைசி இரவில் அது எரிந்தபோது, இரவல் எடுத்த இரண்டு புத்தகங்கள் அவரிடம் திருப்பிக் கொடுக்கப்படாமல் இருந்தன. நாங்கள் ஹேயில் நின்றதும் மே மாதத்துக் கடைசி நாட்கள்தான். அதைப் பற்றி அவர் அன்று ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. முதுகு நனைந்த ஒரு தாவரவியல் நூலை வாங்கிக்கொண்டு வந்தோம். அது இப்போதும் அவர் அறையில் இருக்கிறது.

நாற்சந்தி அவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நெரிசல் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான சனம் புத்தகத்துக்காக ஒரு வயல்வெளியில் கூடியிருப்பதைப் பார்க்கவே அம்மா மூன்று நாட்கள் சலிக்காமல் நடந்தார். ஆளில்லாத வியாழக்கிழமையில் அது கிடைக்காது.

பிள்ளைக்கு: ஊருக்குள் செம்மறியாட்டுப் பாலில் செய்யும் ஐஸ்கிரீம் கிடைக்கும், தவறவிட வேண்டாம்.

மறுமொழி: தேம்சு

ஒரு சிறிய சேர்க்கை. ஹியர்ஃபோர்டு ரயில் ஆக்ஸ்ஃபோர்டு வழியாகத்தான் போகிறது என்பதால், திரும்பும்போது அங்கே இறங்கி அடுத்த ரயிலைப் பிடிக்கலாம். நிலையத்திலிருந்து வால்டன் தெருப் பக்கம் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில்தான் ஜி.யு. போப் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட அதே போப். ஒரு தமிழாசிரியரை அந்த ஊர் வழியாக ரயிலிலேயே உட்காரவைத்து அழைத்துச் சென்றுவிடுவது நியாயமாகாது. திங்கட்கிழமை பிற்பகலை அதற்கு ஒதுக்குங்கள்.

கேட்டவர்: அரசலாற்றங்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நவம்பரில் மாமா இங்கே இருக்க மாட்டார் என்பதால் நாற்சந்தி அவர்களின் யோசனையை இம்முறை ஏற்க இயலவில்லை. ஜூன் மாத வியாழக்கிழமையை மனைவியிடம் சொன்னேன். அவர் உங்கள் பதில்களை முழுவதும் படித்துவிட்டு, ஸ்காட்லாந்துப் பேச்சையும் விட்டுவிட்டு, விழா நாட்களிலேயே போகலாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். நல்லூராள் அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு சற்று நேரம் அவர் எதுவும் பேசவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

சனிக்கிழமை ஓர் அமர்வு, ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு ஒன்றும் கவிதை வாசிப்பு ஒன்றும், மற்ற நேரம் முழுவதும் கடைகள், திங்கட்கிழமை ஆக்ஸ்ஃபோர்டு என்று வகுத்திருக்கிறோம். தத்துவ விழாவை அடுத்த ஆண்டு நான் தனியாகப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். ஹியர்ஃபோர்டில் இரண்டு அறைகள் கிடைத்துவிட்டன.

போப்பின் கல்லறைக்குப் போகிறோம் என்று சொன்னதும் மாமா எழுந்து உள்ளே போய்த் தம் பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளை வேட்டியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வந்தார். குளிருமே என்று சொல்லிப் பார்த்தோம், உள்ளே கம்பளிக் காற்சட்டை போட்டுக்கொள்வதாகச் சொல்கிறார். விழாவைப் பற்றி அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஆளில்லாத அலமாரிப் பெட்டியில் போடுவதற்கு எவ்வளவு சில்லறை எடுத்து வைக்க வேண்டும்?

மறுமொழி: மலைச்சாரல்

விலை அங்கேயே எழுதியிருக்கும். ஒரு பவுண்டு நாணயங்களாகப் பத்துப் பதினைந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்டி மீதி தராது. திரும்பும்போது தூக்குவதற்கு ஒரு காலிப் பையும் மறக்காதீர்கள். அதை மட்டும் பெரியவர் கையில் கொடுக்க வேண்டாம், நிரப்பிவிடுவார்.